பெயருக்கு எல்லை வகுத்த போராட்டம்: ஷாம்பெயின் வட்டாரத்தின் வரலாறு

உணவுப் பொருளையும் மதுவையும் அவை பிறந்த ஊரின் பெயரால் அழைப்பது பல நாடுகளிலும் நிலவிவந்த பழைய வழக்கம். ஆனால் அந்த ஊர்ப்பெயரை இன்னார் மட்டுமே ஆளலாம் என்றும், இன்ன முறையில் விளைந்த பொருளுக்கு மட்டுமே சூட்டலாம் என்றும் அரசு சட்டம் இயற்றிக் காவல் நிற்பது கடந்த மூன்று நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவான ஏற்பாடு. ஒரு பொருளின் தரமோ சிறப்போ நற்பெயரோ அது தோன்றிய நிலப்பகுதியோடு பிணைந்திருக்கும்போது அப்பகுதியின் பெயருக்கு அளிக்கப்படும் இந்தப் பாதுகாப்பு, இன்று புவிசார் குறியீடு என்று வழங்கப்படுகிறது. மண்ணும் மரபும் தந்த செல்வத்தை அந்த மண்ணின் மக்களுக்கே உரியதாக்கும் நீதி இது என்று ஆதரிப்போர் கூறுகின்றனர். உலகெங்கும் பரவிப் பொதுச்சொல்லாகிவிட்ட பெயர்களைச் சிலர் மட்டும் கைப்பற்றிக்கொள்ளும் வணிகத் தடை இது என்று எதிர்ப்போர் கூறுகின்றனர். இவ்விவாதம் பெரும்பாலும் நாடுகளுக்கிடையிலான வழக்காகவே நடைபெற்றாலும், இவ்வேற்பாட்டின் தாயகங்களுள் ஒன்றான பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் அதன் மிகக் கடுமையான கட்டம் வட்டாரத்துக்கு உள்ளேயே, திராட்சை விளைத்தவர்களுக்கும் மது விற்றவர்களுக்கும் இடையிலும், ஒரு மாவட்டத்துக்கும் அதன் அண்டை மாவட்டத்துக்கும் இடையிலும் நிகழ்ந்தது. அந்த வரலாற்றை அறியாமல் இன்றைய விவாதத்தை எடைபோட இயலாது.

அரசர்கள் வகுத்த முதல் எல்லைகள்

ஒயின் விளையும் நிலத்துக்கு ஆணையின் மூலம் எல்லை வகுத்த முன்னோடி முயற்சிகள் ஷாம்பெயினுக்கு வெளியே தொடங்கின. இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ டி மெடிச்சி 1716-இல் பிறப்பித்த ஆணை, கியான்ட்டி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை வரையறுத்து, அவற்றுக்கு வெளியே விளைந்த ஒயினை அப்பெயர்களில் விற்பதைத் தடைசெய்தது. போர்ச்சுக்கலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த முயற்சி இதனினும் விரிவானது. 1703-இல் இங்கிலாந்தோடு செய்துகொண்ட மெத்யூவன் உடன்படிக்கை போர்ச்சுக்கீசிய ஒயினுக்கு ஆங்கிலச் சந்தையை அகலத் திறந்துவிட, தேவை பெருகப் பெருகக் கலப்படமும் பெருகியது. நிறம் கூட்டுவதற்காக எல்டர் என்னும் செடியின் கருநிறப் பழச்சாற்றைக் கலக்கும் வழக்கம் பரவியது. அதனால் நம்பிக்கை குலைந்து, நூற்றாண்டின் நடுப்பகுதியில் விலை சரிந்தது. அப்போது நாட்டின் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்த அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், 1756-இல் ஒரு வணிகக் கழகத்தை நிறுவி, சிறந்த ஒயின் விளையும் நிலங்களைச் சுற்றிக் கருங்கல் தூண்களை நட்டு எல்லை குறித்ததோடு, எல்டர் செடிகளைப் பிடுங்கியெறியவும் ஆணையிட்டார்.

டோரோ ஏற்பாட்டில் பின்னாளைய சட்டங்களின் முக்கியக் கூறுகள் பலவும், அதாவது நில எல்லை, தர நிர்ணயம், கலப்படத் தடை, விலைக் கட்டுப்பாடு ஆகியவை, ஏற்கெனவே அமைந்திருந்தன. எனினும் இது மேலிருந்து இறக்கப்பட்ட ஏற்பாடாகவே இருந்தது. கழகத்தின் ஏகபோகத்தால் பிழைப்பு கெட்ட போர்ட்டோ நகரத்தின் எளிய மக்கள் 1757 பிப்ரவரியில் கிளர்ந்தெழுந்தபோது, அரசு அக்கிளர்ச்சியைத் தூக்குத் தண்டனைகளால் ஒடுக்கியது. ஒரு பெயருக்கு எல்லை வகுக்கும்போதெல்லாம் யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு ஆதாயம் என்ற கேள்விகள் எழும் என்பதையும், அவற்றுக்கு நியாயமான விடை கிடைக்காதபோது எல்லை பகையை விளைக்கும் என்பதையும் இந்நிகழ்வு முதலிலேயே காட்டிவிட்டது.

குமிழி ஒயினின் நாடு

ஷாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கில், பாரிசுக்குக் கிழக்கே விரிந்துள்ள பழைய மாகாணத்தின் பெயர். அதன் திராட்சைத் தோட்டங்களுள் புகழ்பெற்றவை மார்ன் மாவட்டத்தில், ரெய்ம்ஸ், எப்பெர்னே ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் அமைந்துள்ளன. தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஓப் மாவட்டத்தில் மற்றொரு தோட்டத் தொகுதி உள்ளது. திராட்சை விளையக்கூடிய வடக்கெல்லையை ஒட்டியிருக்கும் இக்குளிர் நிலத்தில் பழம் முழு இனிப்பை எட்டுவது கடினம் என்பதால், புளிப்பு மிகுந்த மெல்லிய ஒயினே இங்கு இயல்பாகக் கிடைத்தது. அந்த ஒயினோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டால், வெளியேற வழியற்ற கரியமில வாயு மதுவில் கரைந்து நின்று, திறக்கும்போது குமிழிகளாகப் பொங்கும். நொதித்தலில் எஞ்சும் வண்டலைப் பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சாய்த்துக் கழுத்துப் பகுதியில் சேர்த்து வெளியேற்றும் நுட்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதவை கிளிக்கோ என்று அறியப்பட்ட ஒயின் வணிகரின் நிலவறைகளில் செம்மையடைந்தது.

இம்முறை மிகுந்த முதலீட்டைக் கோரியது. அழுத்தத்தைத் தாங்கும் கனமான கண்ணாடிப் பாட்டில்கள், ஆண்டுக்கணக்கில் சரக்கைத் தேக்கிவைக்கும் பாதாள அறைகள், அயல்நாட்டு விற்பனை முகவர்கள் ஆகிய அனைத்தையும் திரட்டும் வலிமை பெருவணிக நிறுவனங்களுக்கே இருந்தது. அவை பெருமளவில் திராட்சையை விலைக்கு வாங்கி மதுவாக்கித் தம் பெயரில் விற்றன. நிலமோ ஆயிரக்கணக்கான சிறு சாகுபடியாளர்களின் கையில் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. அறுவடைக் காலத்தில் பறித்த பழத்தை உடனே விற்றாக வேண்டிய விவசாயி, நிறுவனங்களின் தரகர்கள் சொல்லும் விலைக்கு இணங்குவதைத் தவிர வேறு வழியற்றிருந்தார். பாட்டிலில் அடைபட்ட புகழ் நிறுவனத்தின் சொத்தாகவும், அதை விளைவித்த உழைப்பு ஆண்டுதோறும் பேரத்துக்கு ஆளாவதாகவும் அமைந்த இந்தப் பிளவிலிருந்தே பின்னாளைய மோதல்கள் பிறந்தன.

பெயருக்காக நடந்த முதல் வழக்குகள்

வெளியாருக்கு எதிரான முதல் முயற்சிகளை வணிக நிறுவனங்களே மேற்கொண்டன. 1882-இல் அவை தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டன. அக்காலத்தில் லுவார் ஆற்றுப் பகுதியிலுள்ள சோமூர் நகர உற்பத்தியாளர்கள், தாங்களும் அதே முறையில் குமிழி ஒயின் தயாரிப்பதால் ஷாம்பெயின் என்பது ஒரு தயாரிப்பு முறையின் பெயரே என்று வாதிட்டு, அப்பெயரைத் தம் பாட்டில்களில் பொறித்துவந்தனர். இவ்வழக்கை விசாரித்த ஆன்ஜே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், ஷாம்பெயின் மாகாணத்தில் விளைந்து அங்கேயே மதுவாக்கப்பட்டதற்கு மட்டுமே அப்பெயர் உரியது என 1887-இல் தீர்ப்பளிக்க, பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1889-இல் அதனை உறுதிசெய்தது. முறையை யாரும் பின்பற்றலாம், இடத்தை யாரும் பின்பற்ற இயலாது என்ற வேறுபாடு இத்தீர்ப்பால் சட்டத்தில் இடம்பெற்றது. 1891-இல் கையெழுத்தான மாட்ரிட் ஒப்பந்தம் இதனை நாடுகளுக்கிடையில் விரிவாக்கியது; எந்தப் பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்பதை ஒவ்வொரு நாட்டின் நீதிமன்றமும் தானே முடிவுசெய்யலாம் என்று அனுமதித்த அவ்வொப்பந்தம், ஒயின் வட்டாரங்களின் பெயர்களுக்கு மட்டும் அவ்வதிகாரம் செல்லாது என விலக்கு அளித்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை.

ஆனால் மாகாணத்தில் விளைந்தது என்று நீதிமன்றம் கூறியபோது, அம்மாகாணத்தின் எல்லை எதுவென்று எவரும் வரையறுத்திருக்கவில்லை. வெளியாரைத் தடுக்கும் வாளாகப் பயன்பட்ட அதே தீர்ப்பு, இருபது ஆண்டுகளுக்குள் உள்ளூர் வணிகர்களையும் கேள்விக்கு உள்ளாக்கியது.

1911: தோட்டக்காரர்களின் எழுச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸீரா என்னும் வேர்ப்பூச்சி ஷாம்பெயினையும் தாக்கியது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த இப்பூச்சிக்கு, அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி மறுநடவு செய்வதே தீர்வாக இருந்தது. சிறு விவசாயிக்கு அது தாங்கவியலாத செலவு. அதே வேளையில், இரயில் பாதைகள் லுவாரிலிருந்தும் தெற்குப் பிரான்சிலிருந்தும் மலிவான ஒயினை வட்டாரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தன. சில நிறுவனங்கள் அவற்றை வாங்கி நிலவறையில் குமிழியேற்றி ஷாம்பெயின் என்றே விற்றன. மாகாணத்துக்குள் மதுவாக்கப்பட்டால் போதும் என்று அவை கருத, மாகாணத்து மண்ணில் விளைந்த திராட்சையாக இருந்தாக வேண்டும் என்று 1904-இல் கூட்டமைப்பாகத் திரண்ட சாகுபடியாளர் சங்கங்கள் வாதிட்டன. அயல் பழத்தால் நிரம்பும் ஒவ்வொரு பாட்டிலும் உள்ளூர்த் திராட்சையின் விலையைக் குறைத்தது என்பதால், பெயரின் எல்லை அவர்களுக்கு வாழ்வாதாரப் பிரச்சினையாக இருந்தது.

உணவுக் கலப்படத்தையும் ஏமாற்று விற்பனையையும் தண்டிக்கும் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், 1908 டிசம்பரில் அரசு ஷாம்பெயினின் எல்லையை முதன்முறையாக வரையறுத்தது. மார்ன் மாவட்டமும் எய்ன் மாவட்டத்தின் சில பகுதிகளும் அதில் இடம்பெற, ஓப் மாவட்டம் முற்றிலுமாக விலக்கப்பட்டது. ஓப் நிலத்தின் பாறை மார்னின் சுண்ணாம்பை விட ஷாப்லி என்னும் ஒயின் பகுதியின் பாறையையே ஒத்தது என்பதும், அங்கு காமே என்னும் தரம் குறைந்ததாகக் கருதப்பட்ட திராட்சை மிகுதியாக நடப்பட்டிருந்தது என்பதும் மார்ன் தரப்பின் வாதங்கள். ஆனால் ஓப் மாவட்டத் தலைநகரான துருவா, இடைக்காலத்தில் ஷாம்பெயின் கோமகன்களின் தலைநகராக விளங்கிய ஊர். ஐரோப்பிய வணிகர்கள் கூடிய புகழ்மிக்க ஷாம்பெயின் சந்தைகளுள் ஒன்று பார்-சூர்-ஓப் என்னும் ஊரில் நடைபெற்றது. நிலவியல் ஒரு விடையையும் வரலாறு வேறொரு விடையையும் தந்த நிலையில், அரசு எதைத் தேர்ந்தாலும் ஒரு தரப்பு தன் பெயரையே இழந்ததாக உணர்வது தவிர்க்கவியலாததாயிற்று.

1910-ஆம் ஆண்டின் மழையும் பூஞ்சை நோயும் அறுவடையை ஏறத்தாழ முழுமையாக அழித்தன. தோட்டங்களில் பழமில்லை; ஆனால் நிறுவனங்களை நோக்கி ஒயின் பீப்பாய்கள் வந்துகொண்டிருந்தன. 1911 ஜனவரியில் தாமெரி, ஓவில்லேர் ஆகிய ஊர்களின் சாகுபடியாளர்கள் வெளியூர் ஒயின் ஏற்றிவந்த வண்டிகளை மறித்துச் சரக்கை மார்ன் ஆற்றில் கொட்டினர். அடுத்த மாதம் நாடாளுமன்றம், வெளியூர் ஒயினையும் ஷாம்பெயினையும் தனித்தனி நிலவறைகளில் வைக்க வேண்டும் என்று சட்டமியற்றி மார்ன் விவசாயிகளை அமைதிப்படுத்தியது. ஆனால் அச்சட்டம் எல்லையை மேலும் இறுக்கியதால் ஓப் மாவட்டம் கொந்தளித்தது. காஸ்தோன் செக் என்பவரின் தலைமையில் சாகுபடியாளர்கள் மண்வெட்டிகளைத் தோளில் ஏந்தி அணிவகுத்தனர்; ஊர்த் தலைவர்கள் பதவி விலகினர்; வரித்தாள்கள் எரிக்கப்பட்டன; ஏப்ரல் 9 அன்று துருவா நகரில் மாபெரும் கூட்டம் திரண்டது.

இக்கிளர்ச்சியின் அழுத்தத்தால் ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு மேலவை, வட்டார எல்லைகளையே நீக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்ற, அச்செய்தி தந்தியில் வந்த இரவே மார்ன் பள்ளத்தாக்கு பற்றியெரிந்தது. ஆயீ என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வணிகர்களின் மாளிகைகளும் நிலவறைகளும் சூறையாடப்பட்டன, சில கட்டடங்கள் தீக்கிரையாயின, உடைந்த பாட்டில்களின் மது தெருக்களில் ஓடியது. குதிரைப்படை அனுப்பப்பட்டு வட்டாரம் பல மாதங்கள் இராணுவக் கண்காணிப்பில் இருந்தது. ஜூனில் அரசு ஓப் மாவட்டத்தை இரண்டாம் வட்ட ஷாம்பெயின் என்ற தகுதியில் சேர்த்துக்கொண்டது எவரையும் நிறைவுசெய்யவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டு, அதன் முன்னணி ஷாம்பெயின் மண்ணுக்குக் குறுக்கே அமைந்து, ரெய்ம்ஸ் நகரம் பீரங்கித் தாக்குதலுக்கு ஆளானபோது, இந்தச் சச்சரவு தீர்வின்றி நின்றது.

எல்லையிலிருந்து உடன்படிக்கைக்கு

போருக்குப் பின் 1919-இல் இயற்றப்பட்ட சட்டம் எல்லை வகுக்கும் பொறுப்பை அரசு அதிகாரிகளிடமிருந்து நீதிமன்றங்களுக்கு மாற்றியது. ஆனால் அது தோற்றத்தை மட்டுமே கணக்கில் கொண்டதால், புகழ்பெற்ற வட்டாரத்துக்குள் தகுதியற்ற நிலத்தில் மிகுவிளைச்சல் தரும் மட்டமான திராட்சையை நட்டவரும் பெயரை உரிமையோடு பயன்படுத்தினர். இக்குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியவர் வேளாண் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ழொசேப் காபூ. அவர் முயற்சியால் 1927 ஜூலையில் நிறைவேறிய சட்டம், ஷாம்பெயினுக்கு ஊர்வாரியாக எல்லையையும் அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகளையும் வரையறுத்து, ஓப் மாவட்டத்தை இரண்டாம் தகுதியின்றி முழு உரிமையோடு சேர்த்து, காமே கொடிகளை மாற்றுவதற்குக் கால அவகாசமும் வழங்கியது. மண்ணின் வாதமும் வரலாற்றின் வாதமும் இவ்வாறு ஒரு சமரசத்தில் இணைந்தன. ஓப் விவசாயி பெயரைப் பெற்றார். அதற்கு ஈடாகத் தன் தோட்டத்தை மாற்றிக்கொள்ளும் கடமையை ஏற்றார்.

ரோன் பள்ளத்தாக்கின் ஷத்தோநெஃப்-தியூ-பாப் ஊரில் வழக்கறிஞரும் தோட்ட உரிமையாளருமான லெ ருவா பிரபு, 1923 முதல் சாகுபடியாளர்களையே ஒன்றுதிரட்டி நிலம், கொடிவகை, குறைந்தபட்ச மதுச்செறிவு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்துப் பெற்ற அனுபவமும் காபூவின் சிந்தனையும் சேர்ந்து, 1935 ஜூலையில் கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப்பெயர் என்னும் சட்ட வகையைப் பிறப்பித்தன. நிலம், கொடிவகை, விளைச்சல் வரம்பு, தயாரிப்பு முறை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நிறைவுசெய்யும் பொருளுக்கு மட்டுமே ஊர்ப்பெயரை வழங்கும் இவ்வகையை மேற்பார்வையிட ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது; 1936-இல் ஷாம்பெயின் அதில் இடம்பெற்றது. பின்னர் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1992-இல் வேளாண் பொருள்களுக்கும் உணவுகளுக்கும் இயற்றிய பாதுகாப்பு விதிகளுக்கும், பிற நாடுகள் வகுத்த பல சட்டங்களுக்கும் இதுவே முன்மாதிரி.

எனினும் 1911-இன் மூலக் காயமான விலைப் பிரச்சினையை எல்லை மட்டுமே ஆற்றியிருக்க முடியாது. அவ்வெழுச்சியின் விளைவாக உருவான தரவரிசை ஏற்பாட்டில், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விழுக்காடு நிர்ணயிக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒப்புக்கொண்ட திராட்சை விலையில் அந்த விழுக்காட்டை அவ்வூர்ச் சாகுபடியாளர் பெற்றார். தலைசிறந்த ஊர்கள் முழு நூறு விழுக்காட்டைப் பெற்றன. 1941 ஏப்ரலில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படை பெருமளவில் மதுவைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், வணிக நிறுவனங்களின் சார்பில் ரொபேர்-ழான் தெ வொகுயேயும் சாகுபடியாளர்களின் சார்பில் மொரீஸ் துவாயாரும் இணைந்து பணியாற்ற, இரு தரப்புக்கும் சம இடமளிக்கும் கூட்டுக் குழு நிறுவப்பட்டது. இன்றுவரை நீடிக்கும் அக்குழு விளைச்சல் வரம்பையும் பெயர்ப் பாதுகாப்பையும் கவனிக்கிறது. நிலத்தில் சுமார் 90 விழுக்காடு சாகுபடியாளர்களிடமும், விற்பனையில் பெரும்பகுதி நிறுவனங்களிடமும் உள்ள நிலை இன்றும் தொடர்ந்தாலும், பெயரின் மதிப்பிலிருந்து விவசாயிக்கு ஒரு பங்கு உறுதிசெய்யப்பட்டது இவ்வேற்பாட்டால்தான்.

உலகச் சந்தையில் ஒரு பெயர்

உள்நாட்டில் ஒழுங்கு பிறந்ததும் போராட்டம் எல்லைக்கு வெளியே நகர்ந்தது. 1919-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, போரில் தோற்ற ஜெர்மனி பிற நாடுகளின் ஒயின் வட்டாரப் பெயர்களை மதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால், ஜெர்மானியக் குமிழி ஒயின் ஷாம்பெயின் என்ற பெயரைக் கைவிட்டு செக்ட் என்ற பெயரிலேயே நிலைத்தது. இங்கிலாந்தில் ஸ்பானிஷ் ஷாம்பெயின் என்ற பெயரில் விற்கப்பட்ட ஒயின்மீது 1958-இல் தொடுக்கப்பட்ட குற்றவியல் வழக்கு தோற்றது. ஆனால் 1960-இல் உரிமையியல் வழக்கில் நீதிபதி டாங்க்வெர்ட்ஸ் ஷாம்பெயின் உற்பத்தியாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தன் சரக்கை மற்றவர் சரக்கென நம்பவைத்து விற்பதைத் தடைசெய்யும் பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாடு தனி வணிகர் ஒருவரின் நற்பெயரையே காத்துவந்த நிலையில், ஒரு வட்டாரத்தின் உற்பத்தியாளர் அனைவரும் கூட்டாக உடைமை கொண்டாடும் நற்பெயரையும் அது காக்கும் என்பதை இத்தீர்ப்பு நிறுவியது. ஸ்பெயின் உற்பத்தியாளர்கள் பின்னாளில் காவா என்ற தனிப்பெயரை உலகறியச் செய்தனர். ஆஸ்திரேலியா 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்டு 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஷாம்பெயின், போர்ட், ஷெர்ரி ஆகிய பெயர்களைப் படிப்படியாக விட்டுக்கொடுத்தது; ஷெர்ரிக்கு மாற்றாக அபெரா என்ற புதுப்பெயரே உருவாக்கப்பட்டது.

எல்லா முடிவுகளும் இத்தகைய நியாயத்தோடு அமைந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ஷாம்பெயின் என்றே பெயர்கொண்ட பழமையான சிற்றூர் ஒன்று உண்டு. குமிழியில்லாத எளிய வெள்ளை ஒயினை நெடுங்காலமாகத் தம் ஊர்ப்பெயரில் விற்றுவந்த அவ்வூர் மக்கள், சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு 1999-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக அவ்வுரிமையை இழந்தனர். ஊர்ப்பெயர் ஊராருக்கே உரியது என்ற கொள்கையின் பெயரால், ஓர் ஊர் தன் பெயரை இழந்த நிகழ்வு இது. வலிமை வாய்ந்த வட்டாரம் எளிய வட்டாரத்தின்மீது இக்கொள்கையை ஏவக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ரஷ்யா 2021-இல் இயற்றிய சட்டம் அதே கருவியை எதிர்த்திசையில் திருப்பி, ரஷ்ய மொழியில் ஷாம்பெயினைக் குறிக்கும் பெயரை உள்நாட்டு ஒயினுக்கு ஒதுக்கியது. பிரெஞ்சு நிறுவனங்கள் தம் சரக்கின் ரஷ்ய விவரச்சீட்டில் குமிழி ஒயின் என்றே குறிப்பிட வேண்டியதாயிற்று.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

அமெரிக்காவின் எதிர்ப்பு வெறும் வணிகப் பேராசை என்று ஒதுக்கத்தக்கது அன்று. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்த ஐரோப்பியக் குடியேறிகள் தம் ஊர்களின் உணவையும் மதுவையும் செய்முறையோடும் பெயரோடும் கொண்டுசென்றனர். விஸ்கான்சினில் பால்கட்டி செய்த இத்தாலியருக்குப் பார்மேசான் என்பது திருட்டுப் பெயராக அன்றி, தாய்வீட்டுச் சொல்லாகவே இருந்தது. மூன்று நான்கு தலைமுறைகளாக அப்பெயரில் சந்தையை வளர்த்தவர்களிடமிருந்து அதைப் பறிப்பதும் ஓர் இழப்பே. இக்காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட 2006-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் அமெரிக்கா ஷாம்பெயின் என்ற பெயருக்குப் புதிய பயன்பாடுகளைத் தடுக்க இசைந்தாலும், ஏற்கெனவே கலிஃபோர்னியா ஷாம்பெயின் என்று விற்றுவந்தவர்களைத் தொடர அனுமதித்தது. குருயேர் என்னும் பால்கட்டியின் பெயர் அமெரிக்காவில் பொதுப்பெயராகிவிட்டது என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

ஆனால் ஃபெட்டா வழக்கு இந்த வாதத்தின் வரம்பைக் காட்டுகிறது. கிரீசின் ஆட்டுப்பால் கட்டியான ஃபெட்டாவின் பெயரைப் பசும்பால் கட்டிக்குச் சூட்டிப் பெருமளவில் விற்ற டென்மார்க், அதைப் பொதுப்பெயர் என்றே வாதிட்டது. 1996-இல் பதிவாகி, 1999-இல் நீக்கப்பட்டு, 2002-இல் மீண்டும் பதிவான அப்பெயரை ஐரோப்பிய நீதிமன்றம் 2005-இல் கிரீசுக்கே உறுதிசெய்தது. கிரீசுக்கு வெளியே தயாரித்தவர்களே தம் உறைகளில் கிரேக்கக் காட்சிகளையும் கிரேக்கப் பண்பாட்டையும் நினைவூட்டி விற்றுவந்தனர் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பொதுப்பெயர் என்று கோருபவர் அதே மூச்சில் அந்த இடத்தின் புகழையும் விலைக்கு விற்பாராயின், அவர் கோருவது பொதுவுடைமை ஆகாது.

1994-இல் உருவான உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை இவ்விவாதத்தை உலகளாவியதாக்கியது. ஆனால் அது பொருள்களுக்கிடையே வேற்றுமை பாராட்டியது. ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும், வாங்குபவர் ஏமாறாவிட்டாலும், வகை, பாணி போன்ற சொற்களைச் சேர்த்து எழுதினாலும்கூட, பிறர் பெயரைப் பயன்படுத்தலாகாது. பிற பொருள்களுக்கோ ஏமாற்றமோ முறையற்ற போட்டியோ நிகழ்வதைக் காட்டினால்தான் அடிப்படைப் பாதுகாப்பு கிடைக்கும். ஐரோப்பிய மதுவுக்கு உயர்ந்த காவலும் தேயிலைக்கும் அரிசிக்கும் தாழ்ந்த காவலும் என்ற இந்த ஏற்றத்தாழ்வை நீக்குமாறு இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் தொடர்ந்து கோரிவந்துள்ளன. 1997-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாசுமதி அரிசி வகைகளுக்குக் காப்புரிமை பெற்றது இந்தியாவில் பெருங்கவலையை எழுப்பியது. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பதிவகம் சென்னையில் அமைந்தது. டார்ஜிலிங் தேயிலை முதல் பதிவாயிற்று. பழனி பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-இல் அப்பட்டியலில் சேர்ந்தன.

பெயர் யாரைக் காக்கிறது

ஷாம்பெயின் வரலாறு இரு தரப்புக்கும் ஓர் அளவுகோலைத் தருகிறது. அங்கு பெயருக்கு வலிமை தந்தது சுண்ணாம்புப் பாறை மட்டும் அன்று. எல்லைக்குள் இருப்பவர்கள் கடுமையான விதிகளைத் தம்மீதே சுமத்திக்கொண்டதும், விளைத்தவரும் விற்றவரும் ஒரே குழுவில் அமர்ந்து ஆதாயத்தைப் பகிர்ந்துகொண்டதும் அதற்கு இணையான காரணங்கள். இவ்விரண்டும் இல்லாத நிலையில், டோரோவிலும் 1911-இன் மார்னிலும் கண்டதுபோல, எல்லை என்பது யாரோ சிலரின் ஏகபோகமாகவே மக்களுக்குத் தோன்றியது. அந்த அளவுகோல் ஷாம்பெயினுக்கே இன்றும் பொருந்தும். 2023-ஆம் ஆண்டு அறுவடையில், ஐம்பதுக்கும் மேற்பட்ட புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளர்கள் மனிதத் தன்மையற்ற குடியிருப்புகளில் அடைக்கப்பட்டுச் சுரண்டப்பட்டனர். இக்குற்றத்துக்காக 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது. திராட்சையின் எடை, சாற்றின் அளவு, பாட்டில் நிலவறையில் கிடக்க வேண்டிய மாதங்கள் ஆகிய அனைத்தையும் வரையறுத்த விதிகள், பழத்தைப் பறிக்கும் கைகளைக் காக்கத் தவறின. 1911-இன் எழுச்சிக்குப் பின் விவசாயிக்குக் கிடைத்த பங்கு, அவருக்கும் கீழே உழைப்பவரைச் சென்றடையவில்லை.

ஆகவே ஒரு வட்டாரப் பெயருக்குப் பாதுகாப்புக் கோரப்படும்போது, அப்பொருள் எவ்வளவு தொன்மையானது என்பதோடு விசாரணை நின்றுவிடலாகாது. எல்லையை வகுத்தவர் யார், வகுக்கும்போது விடுபட்டவர் யார், உள்ளே இருப்பவர் ஏற்ற கடமை என்ன, கூடுதல் விலையில் நிலத்தில் உழைப்பவரின் பங்கு எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை வேண்டும். சென்னைப் பதிவகத்தின் பட்டியல் ஆண்டுதோறும் நீளும் இக்காலத்தில், பதிவைப் பெருமைக்குரிய சான்றிதழாகக் கொண்டாடுவதோடு நிறைவடையாமல், பால் ஊற்றுபவருக்கும் இலை பறிப்பவருக்கும் அப்பெயரால் வருவது என்ன என்பதைத் தமிழ்ச் சமூகமும் இந்தியச் சமூகமும் கேட்டாக வேண்டும். அதற்கு விடை சொல்ல இயலாத பெயர்ப் பாதுகாப்பு, சட்டத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நீதியில் பாதியளவே நிறைவேறியதாகும்.